கறண்ட் திருக்கையிட தசையில கறண்ட் எப்பிடி வருது?

வட்டுவாகல்_தம்பி:
முல்லைத்தீவுக் கரையில கரைவலை இழுத்து மடியைக் கொட்டேக்க ஒரு வட்டத் திருக்கை கிடந்தது, மண் நிறம், குட்டை வால், முள்ளும் இல்லை, தூக்கி எறிவம் எண்டு கையை வைச்சன், முழங்கை மட்டும் விறைச்சுப் போச்சு. கறண்ட் திருக்கையாம், மாமா சொன்னார். நான் ஏ.எல் பயோ. கலத்துக்கு உள்ளுக்கு மைனஸ் வெளியில பிளஸ் எண்டு தெரியும், ஆனா ரெண்டு பக்கமும் ஒரே அளவு எண்டா ஒண்டை ஒண்டு வெட்டிப் போகும்தானே, பிறகு எப்பிடி அடிக்குது?

கிளிநொச்சி_ரீச்சர்:
நல்ல கேள்வி தம்பி, முழு விசயமும் அதிலதான் கிடக்கு. சும்மா இருக்கேக்க வெட்டித்தான் போகும். டோர்ப்பீடோ எண்ட கறண்ட் திருக்கை இனத்தில தலைக்கு ரெண்டு பக்கமும் மின்னுறுப்பு இருக்கு, அதுக்குள்ள தட்டையான கலங்கள் ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கியிருக்கும். செவுள் பக்கத் தசையிலயிருந்து வந்ததுகள், ஆனா சுருங்காது. நரம்பு வந்து முட்டுறது வயிற்றுப் பக்க மென்சவ்வில மட்டும். நரம்பு விடுற அசற்றைல்கோலின் எண்ட இரசாயனம் விழுந்தவுடன அந்தப் பக்கம் திறந்து சோடியம் அயன் உள்ளுக்குப் பாயும், முதுகுப் பக்கம் அப்பிடியே இருக்கும். இப்ப ரெண்டு பக்கமும் சமமில்லை, வெட்டுப்படாது. ஒரு கலத்தில வாறது 0.1 வோல்ட்டும் இல்லை, ஆனா டோர்ச்சுக்குள்ள பற்றறி போடுற மாதிரித் தொடரா நூற்றுக்கணக்கில அடுக்கினா எவ்வளவு வரும் எண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கோ.

வட்டுவாகல்_தம்பி:
இப்ப விளங்குது ரீச்சர். ஆனா எல்லாக் கலமும் ஒரே நேரத்தில அடிக்கோணுமே?

கிளிநொச்சி_ரீச்சர்:
ஓம், அதுக்கெண்டே மூளையில தனிப் பகுதி (மடல்) இருக்கு, அங்கயிருந்துதான் எல்லாத்துக்கும் ஒண்டாக் கட்டளை போகுது.

மாங்குளம்_அண்ணை:
ரீச்சர் சொன்னதோட இதையும் சேருங்கோ. அடுக்குகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில சமாந்தரமா நிக்குது, 1773இல ஜோன் ஹண்டர் அறுத்துப் பாத்து ஒரு உறுப்பில 470 அடுக்கு எண்ணினவர். உப்புத்தண்ணி கறண்டை லேசா விடும், அதால கடல்ல வோல்ட்டைவிட மின்னோட்டம்தான் கூட வேணும், சமாந்தர அடுக்கு கூடக் கூட ஓட்டம் கூடும். நன்னீரில இருக்கிற மின் விலாங்கு இதுக்கு எதிர்மாறு, அதில அடுக்கு நீளம், வோல்ட் கூட. இன்னொண்டு, எனக்கு இதுதான் பெரிய அதிசயம், கட்டுவிரியன் இனத்துப் பாம்பிட நஞ்சு அசற்றைல்கோலின் வாங்கியில, அதாவது கலத்தில அசற்றைல்கோலினைப் பிடிக்கிற புரதத்தில, இறுக்கி ஒட்டும், அதை வைச்சுத்தான் 1970களில இந்த உறுப்பிலயிருந்து வாங்கியைப் பிரிச்செடுத்தவை, எங்கட தசையிலயும் கிட்டத்தட்ட அதே வாங்கிதான்.

தம்பி, முதுகு பிளஸ், வயிறு மைனஸ். இனி வலையில பட்டா மேலயும் கீழயும் சேத்துப் பிடியாதீங்கோ, காய்ஞ்ச தடியால தள்ளி விடுங்கோ.