அந்த 1600 எங்கிருந்து வந்தது?

கோட்டோவியன்: மந்தம் வந்தால் அரசு செலவு செய்தாலும் சும்மா இருந்தாலும் நீண்டகால வளர்ச்சி மாறாது, நீண்டகால வளர்ச்சியைத் தொழில்நுட்பம்தான் தீர்மானிக்கும் என்கிற சோலோவின் பொருளாதார மாடலில் அதற்கு இடமே இல்லை என்று சந்தைப்பித்தன் நேற்று இந்த மன்றத்தில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆதாரம் ஒரே ஒரு படம். ஹாட்ரிக், பிரஸ்காட் என்ற இரு பொருளாதார அறிஞர்களின் ஃபில்டரில், டிரெண்ட் கோடு எவ்வளவு வளையலாம் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணாக 1600 என்று போட்டு, டிரெண்டை (நீண்டகாலப் போக்கை) தனியாக, ஏற்ற இறக்கத்தைத் தனியாகப் பிரித்தது. அந்த 1600 எங்கிருந்து வந்தது சார்?

சந்தைப்பித்தன்: காலாண்டுத் தரவுக்கு உலகமே அதைத்தான் போடுகிறது. பொருளாதார அறிஞர் லூக்காஸ் 1987இலேயே கணக்குப் போட்டுவிட்டார், ஏற்ற இறக்கத்தை அடியோடு ஒழித்தாலும் கிடைப்பது நுகர்வில் 0.1 சதவீதம்கூடத் தேறாது. படித்துவிட்டு வாருங்கள்.

கோட்டோவியன்: டிரெண்ட் அசையாது என்று முதலிலேயே வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது, வேறென்ன விடை வரும்? 1600க்கு வருகிறேன். ஏற்ற இறக்கம் 5 சதவீதம் விலகலாம், டிரெண்டின் வளர்ச்சி வீதம் ஒரு காலாண்டில் 1/8 சதவீதம் மாறலாம் என்று ஹாட்ரிக்கும் பிரஸ்காட்டும்தான் ஊகித்தார்கள். வகுத்தால் 40, வர்க்கம் 1600. இவ்வளவுதான் வேதம்! 2008க்குப் பிறகு அமெரிக்க உற்பத்தி பழைய கோட்டுக்குத் திரும்பவே இல்லை. உங்கள் ஃபில்டரோ கோட்டையே கீழே வளைத்து, காயத்தை மச்சம் என்று எழுதிவிடுகிறது.

ஆந்தை: பொருளாதார அறிஞர்கள் பிளான்சார்டும் சம்மர்ஸும் 1986இலேயே ஐரோப்பிய வேலையின்மையை வைத்து இதைத்தானே சொன்னார்கள், மந்தம் போனாலும் தழும்பு போகாது என்று. நீங்கள் இருவரும் 'வளர்ச்சி' என்பது உற்பத்தியின் அளவா, அது வளரும் வீதமா என்று சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே?

சந்தைப்பித்தன்: வந்துவிட்டார் நடுவர். தங்க நாணயம் பற்றிய விவாத இழையில் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் காணோம், இங்கே உபதேசம்.

ஆந்தை: அதில் கேள்வியே இல்லை, வசவுதான் இருந்தது.

கோட்டோவியன்: பேச்சை மாற்ற வேண்டாம். ஏன் 1600? 400 போட்டால் டிரெண்ட் இன்னும் வளையும், 6400 போட்டால் நிமிரும். மந்தத்துக்கு அரசு எப்படி நடந்துகொண்டது என்பதன் விளைவு எந்தப் பக்கம் விழும் என்பதை அந்த எண்தானே தீர்மானிக்கிறது? இந்த ஃபில்டரையே தொடாதீர்கள் என்று பொருளாதார அறிஞர் ஹாமில்டன் 2018இல் கட்டுரையே எழுதினார்.

சந்தைப்பித்தன்: அவர் சொன்ன மாற்று வழியில் 8 காலாண்டு பின்னால் போகச் சொல்கிறாரே, அந்த 8 மட்டும் வானத்திலிருந்து குதித்ததா?

கோட்டோவியன்: 8க்குத் தனி இழை திறங்கள், வருகிறேன். நான் கேட்டது 1600.

சந்தைப்பித்தன்: நேற்றே சொல்லிவிட்டேன்.

கோட்டோவியன்: எங்கே? இணைப்பு கொடுங்கள்.