மின்கம்பி எட்டாத வீட்டுக்கு எந்த பேட்டரி: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

பெரியப்பா: கூரையில் உள்ள சோலார் பலகைகளில் ஒரு குறையும் இல்லை, ஆனால் ஈய அமில பேட்டரிகள் நான்கும் இந்த மழைக்காலத்தோடு ஓய்ந்துவிட்டன. காலையில் மூடிகளைத் திறந்து பார்த்தபோது நீர்மட்டம் தகடுகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. வெளியே தெரிந்த தகடுகளில் சாம்பல் வெள்ளையாகப் படிவு பிடித்திருந்தது. புதிதாக எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

மணிமேகலை: அந்தப் படிவு ஈய சல்பேட், பெரியப்பா. வெயில் இல்லாத வாரங்களில் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறாமலே கிடந்தால், அது கெட்டிப்பட்டுத் தகட்டை அடைத்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் கரையாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு அரைகுறைச் சார்ஜில் கிடப்பது கெடுதலே இல்லை. ஆகவே அதைத்தான் சொல்வேன்.

சித்தப்பா: லித்தியம் பேட்டரி என்றாலே அதில் சேரும் கோபால்ட் உலோகம் நினைவுக்கு வருகிறது அம்மா. உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் மண் தோண்டுகிறார்கள். அதை வீட்டில் வைத்து விளக்கு எரிக்க மனம் ஒப்பவில்லை.

மணிமேகலை: கோபால்ட் கைப்பேசிகளிலும் பல கார்களிலும் உள்ள வகைகளில்தான் இருக்கிறது, சித்தப்பா. அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃப் குழுவினர் 1997இல் வெளியிட்ட இந்த இரும்பு பாஸ்பேட் வகையில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. பாஸ்பேட் ஆக்சிஜனை இறுகப் பிடித்திருப்பதால், சூடேறினாலும் மற்ற லித்தியம் வகைகளைப்போல எளிதில் தீப்பிடிக்காது. அந்த வகைகளைவிட எடை சற்றுக் கூடுதல்தான். ஆனால் தரையில் நிற்கப்போகும் பெட்டிக்கு எடையைப் பற்றி என்ன கவலை?

அத்தை: பழைய நான்கையும் யாரிடம் கொடுப்பீர்கள் அண்ணா? சென்ற முறை வாங்கிப்போனவர் அமிலத்தை வாய்க்காலோரம் கொட்டியதைக் கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தில் புல் கருகிக் கிடந்தது. அந்த ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குகிறார்களாம். அந்தப் புகை பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் என்பதை நினைத்தாலே பதறுகிறது.

மணிமேகலை: உண்மைதான் அத்தை. இந்த அளவு ஈயத்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. முறையான ஆலையில் ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் மீட்டுவிடலாம். எனவே உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். இரும்பு பாஸ்பேட்டில் சிக்கல் வேறு விதம். விலை உயர்ந்த கோபால்ட்டும் நிக்கலும் இல்லாததால், அதைப் பிரித்தெடுப்பவருக்கு லாபம் குறைவு. எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் போகக்கூடும். நாம் மெச்சும் அதே குணம்தான் பின்னாளில் இடைஞ்சலாகிறது. ஆயுள் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பெரியப்பா.

கதிர்: அக்கா, சோடியம் அயனி பேட்டரி வரும்வரை காத்திருக்கலாமா?

மணிமேகலை: விற்பனைக்கு வந்துவிட்டது, கதிர். லித்தியத்துக்குப் பதிலாக அதில் உள்ள சோடியம் உப்பிலேயே இருக்கிறது. லித்தியம் பேட்டரியில் ஒரு முனைக்கு வேண்டிய செம்புத் தகட்டுக்குப் பதிலாக, இதில் இரு முனையிலும் அலுமினியமே போதும். குளிரையும் நன்றாகத் தாங்கும். பொருள் என்ற அளவில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் சார்ஜ் இறங்க இறங்க அதன் வோல்டேஜ் வெகுவாகச் சரியும். அந்தச் சரிவை எல்லா இன்வெர்ட்டரும் ஏற்பதில்லை. பெரியப்பாவின் இன்வெர்ட்டர் 48 வோல்ட்டுக்கானது. இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட், பதினாறைத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட். அது அந்த இன்வெர்ட்டர் ஏற்கும் வரம்புக்குள் இருப்பதால் இப்போதே பொருந்தும்.

பெரியப்பா: அப்படியானால் பதினாறு செல் பெட்டியே இருக்கட்டும். வேறு ஏதேனும் மாற்ற வேண்டுமா?

மணிமேகலை: பலகைகளிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில், ஈய அமில செல்களை ஒரே அளவுக்குக் கொண்டுவர அவ்வப்போது உயர் வோல்டேஜில் ஏற்றும் சமன்செய் சார்ஜை அணைத்துவிடுங்கள், அந்த உயர் வோல்டேஜ் புதிய செல்களைக் கெடுத்துவிடும். கடுங்குளிரில், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது.

அத்தை: எடுத்துப்போக ஆள் வரும்வரை பழையவற்றை நிமிர்த்தியே வையுங்கள் அண்ணா. சாய்த்தால் அமிலம் கசியும்.