பென்டோனைட் கூழில் கட்டி விழுவதும் நீர் பிரிவதும் ஏன்?

கேள்வி

வணக்கம். முகப்பூச்சுக்காக, பென்டோனைட் என்னும் களிமண் தூளைக் கொண்டு 5 விழுக்காடு கூழ் தயாரிக்க முயல்கிறேன். தூளைக் கிண்ணத்தில் இட்டு மேலே நீரை ஊற்றிக் கலக்கும்போது கட்டிகள் விழுகின்றன. ஒன்றை நசுக்கிப் பார்த்தால், வெளியே வழவழப்பாகவும் உள்ளே உலர்ந்த தூளாகவும் இருக்கிறது. அவற்றை வடிகட்டிவிட்டுக் கடல் உப்பைச் சேர்த்தால், சில மணி நேரத்தில் தெளிந்த நீர் மேலே நிற்க, மண் கீழே படிந்துவிடுகிறது. கயோலின் என்னும் வெள்ளைக் களிமண்ணில் இத்தொல்லை இல்லை. பென்டோனைட்டின் தரம்தான் காரணமா?

பதில் 1

தரத்தின்மீது பழிபோட வேண்டியதில்லை. பென்டோனைட்டின் முதன்மைக் கனிமமான மான்ட்மோரில்லோனைட், சீட்டுக்கட்டைப் போல் அடுக்கப்பட்ட மெல்லிய தகடுகளால் ஆனது; இடையில் நீர் புகுந்ததும் தகடுகள் விலகி மண் வீங்குகிறது. கயோலினின் தகடுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுகப் பிடித்திருப்பதால் அது அவ்வாறு வீங்குவதில்லை. நீரைத் தூளின்மேல் ஊற்றும்போது வெளிப்புறம் முதலில் வீங்கிக் கூழாகி, நீர் உள்ளே செல்லும் வழியை அடைத்துவிடுகிறது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். வெந்நீரின் பரப்பில் தூளைச் சிறிது சிறிதாகத் தூவி, தூவியது தானாக நனைந்து அமிழ்ந்த பிறகே அடுத்ததைத் தூவி, 24 மணி நேரம் ஊறவிட்டு இடையிடையே கலக்குங்கள்; மருந்தியலில் 5 விழுக்காடு பென்டோனைட் மேக்மாவும் (நீரில் ஊறிய கெட்டியான பென்டோனைட் கலவை) இப்படித்தான் தயாராகிறது. மாற்றாக, தூளை முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டு பின்னர் நீரைச் சேர்க்கலாம். கட்டிகளை வடிகட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்; மண்ணின் ஒரு பகுதி அவற்றோடு போய்விடுவதால் எஞ்சுவது 5 விழுக்காடாக இருக்காது.

பதில் 2

நீர் பிரிவதற்குக் காரணம் உப்பே. தகடுகளின் பரப்பில் எதிர்மின்னூட்டம் உள்ளது. அதனால் ஏற்படும் விலக்குவிசையை உப்பின் அயனிகள் குறைத்துவிடுவதால், தகடுகள் ஒன்றுகூடித் திரண்டு படிகின்றன. கடல் உப்பிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் இதில் சோடியத்தைவிட வலுவாகச் செயல்படும். உப்பை அறவே நீக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பென்சல்கோனியம் குளோரைடைப் பாதுகாப்புப் பொருளாகச் சேர்க்கலாமா?

பதில் 2

கூடாது. அது நேர்மின்னூட்டம் உடையது என்பதால் தகடுகளில் ஒட்டிக்கொண்டு நுண்ணுயிர்களுக்கு எதிரான ஆற்றலை இழந்துவிடும். கூழ் பார்வைக்கு நன்றாகவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. நேர்மின்னூட்டமற்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் கூழின் பிஎச் அளவையும் பாருங்கள். பென்டோனைட் கலவை பெரும்பாலும் 9-க்கு மேல் காரத்தன்மை கொண்டிருப்பதால், அமிலச் சூழலில் மட்டும் வேலை செய்யும் சோடியம் பென்சோயேட் இங்கே பயன்படாது.