எச்-பாலமா, நான்மதகா?

அண்ணாச்சிக்கும் குழுவினருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் H-bridge எனப்படும் மோட்டார் சுற்றுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் பேச்சில் வந்த கருத்து இது:

> எச்-பாலம் என்றே விட்டுவிடலாம். தமிழ்தான் வேண்டுமென்றால் 'திசைமாற்றி' போதும்.

இரண்டையும் ஏற்க மனம் வரவில்லை. பொம்மைக் காரில் திசைமாற்றி என்றால், முன்சக்கரத்தைத் திருப்பும் உறுப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாம் பேசுவதோ மோட்டாரை இருபுறமும் சுழலவைக்கும் சுற்று. 'எச்' என்று தமிழில் எழுதிய உடனே அந்த எழுத்தின் வடிவம் போய் ஓசை மட்டும் மிஞ்சுகிறது. நான்கு சுவிட்சும் நடுவே மோட்டாருமாகப் படம் போட்டால் H போல இருக்கும்; பெயர் வந்ததே அந்த வடிவத்தால் அல்லவா?

என் பரிந்துரை: நான்மதகு. நான்மறை, நான்மாடம் போல.

சென்ற வாரம் தக்கலையில் அக்காள் மகன் ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையின் வெளியீட்டு முனையிலிருந்து மோட்டாருக்கு நேராகவே கம்பி இழுத்திருந்தான். அந்த முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதல்ல. சக்கரம் சிக்கி நின்றால் பொம்மை மோட்டார் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். முனை செத்துவிட்டது. இந்த எச்-பாலச் சுற்றை உள்ளடக்கிய எல்293டி சிப் வாங்கிக் கொடுத்தேன். ஒரு தடத்துக்கு 600 மில்லி ஆம்பியர் தாங்கும். உள்ளே நான்கு சுவிட்சு, நடுவே மோட்டார் என்று படம் போட்டதும் விழித்தான்.

கன்னிப்பூ நடவுக்குப் பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் கால்வாயைப் பார்த்து வளர்ந்தவன்தானே என்று மதகுக்கு மாறினேன். மேலே வாய்க்கால், கீழே வடிகால். இடப்பக்கம் மேலொன்று கீழொன்றாக இரண்டு மதகு, வலப்பக்கமும் அப்படியே, நடுவில் நீர்ச்சக்கரம். இட மேல்மதகையும் வலக் கீழ்மதகையும் திறந்தால் சக்கரம் ஒருபுறம் சுற்றும். மற்ற இரண்டைத் திறந்தால் மறுபுறம்.

"ஒரே பக்கத்து இரண்டையும் திறந்தால், மாமா?" என்று கேட்டவன், நான் வாய் திறக்கும் முன்பே, "தண்ணீர் சக்கரத்தைத் தொடாமலே வடிகாலுக்குப் போய்விடும்" என்றான். மின்சாரம் இப்படி மோட்டாரைத் தொடாமல் நேரே பாய்ந்துவிடும் குறுக்குச் சுற்றைப் (short circuit) பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

மதகு பாதி திறந்தும் நிற்கும், இந்தச் சுவிட்சு அப்படி நிற்காது என்று யாராவது மறுக்கலாம். நியாயமான மறுப்பு. நிரலில் முழு வேகத்துக்கான 255க்குப் பதில் ஏறத்தாழப் பாதியாக 128 என்று கொடுத்தால் மதகு பாதி திறப்பதில்லை. ஊனோவின் பெரும்பாலான முனைகளில் விநாடிக்கு ஏறத்தாழ 490 முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறது, பாதி நேரம் திறந்திருக்கிறது. ஆகவே இந்த விகிதத்தைக் குறிக்கும் duty cycle என்பதற்கான 'பணிச் சுழற்சி' என்ற வறட்டு மொழிபெயர்ப்பையும் கைவிட்டு, 'திறப்பு நேர விகிதம்' என்று சொல்லலாம். நீளம்தான். சுருக்கத் தெரிந்தவர்கள் சுருக்கித் தாருங்கள்.

மதகுக்குப் பதில் மடை என்றாலும் பொருள் கெடாது. ஆனால் 'நான்மடை' என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பின்வரிசைப் பையன்கள் 'யன்' சேர்த்து முடித்துவிடுவார்கள்.