துடுப்பைச் செதுக்கிவிட்டு இறங்குவதா, இறங்கிவிட்டுச் செதுக்குவதா?

உளிமுனை:
கிரீன்லாந்து பாணி கயாக் படகு ஓட்டச் சொல்லித்தருகிறவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். முதல் நாள் துடுப்பைச் செதுக்கு, மறுநாள் அதே துடுப்போடு தண்ணீரில் இறங்கு என்பது ஒரு கட்சி. பயிற்றுநர் கொண்டுவரும் துடுப்பில் சில வாரம் ஓட்டு, அப்புறம் மரத்தைத் தொடு என்பது மற்றது. நான் முதல் கட்சி.

இது உடம்புக்கு அளவெடுத்துச் செய்யும் துடுப்பு. இரண்டு கையையும் விரித்தால் வரும் ஒரு பாகம், அதோடு முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரு முழம். கூட்டினால் நீளம். பாகம் 175 செ.மீ., முழம் 46 என்றால் துடுப்பு 221. இரு முனையிலும் நீரைத் தள்ளும் இலை, நடுவே கை பிடிக்கும் தண்டு. நடுத்தண்டு 45 முதல் 55 செ.மீ.க்குள், ஆளின் உடலகலத்தைப் பொறுத்து. இலையின் அகலம் 8 முதல் 9 செ.மீ.; கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே அடங்க வேண்டும். அடங்காவிட்டால், துடுப்பை ஒரு பக்கமாக நகர்த்தி இலையையே பிடித்துக்கொண்டு எழும் ரோல்கள் (கவிழ்ந்த படகை உட்கார்ந்தபடியே நிமிர்த்துவது) எதுவும் ஒழுங்காக வராது. அடுத்தவர் உடம்புக்குச் செய்த துடுப்பில் பழகுகிறவர் அடுத்தவர் பிடியைத்தான் பழகுகிறார். பிறகு அதை மறக்கடிக்க இன்னொரு வகுப்பு வேண்டும்.

அலைவரி:
அளவுகள் சரி. ஆனால் எந்தப் படகுக்கு?

அந்தக் கணக்குக்குள்ளேயே ஒரு படகு இருக்கிறது: 50 செ.மீ.க்குச் சற்று முன்பின் அகலம், தொடையை ஒட்டிய தாழ்வான மேல்தளம், மரச்சட்டத்தில் தோலோ துணியோ போர்த்திய கயாக். வகுப்புக்குப் பலர் கொண்டுவருவது 56, 58 செ.மீ. அகல ஃபைபர் படகு, அதன் முன்தளமும் உயரம். அதில் 46 செ.மீ. தண்டு வைத்த துடுப்பைப் போட்டால் இலையின் அடிப்பகுதி படகின் விளிம்பில் இடிக்கும். இடிப்பதைத் தவிர்க்க ஆள் கையைத் தூக்குவார். தூக்கினால் துடுப்பு செங்குத்தாகி, இந்தக் குறுகிய இலைக்கு வேண்டிய தாழ்ந்த வீச்சு போய்விடும். "இந்தக் குச்சியால ஒண்ணும் ஆகாது" என்று மூலையில் சாத்திவிடுவார். மரத்தின் மேல் குற்றமில்லை. படகைப் பார்க்காமல் ஆளை மட்டும் அளந்த பயிற்றுநர்தான் பொறுப்பு.

இன்னொன்று. இந்த இலையை நெட்டுக்குத்தாகப் பிடித்து இழுக்கக் கூடாது. மேல் விளிம்பு முன்பக்கம் சாய்ந்து, ஏறக்குறைய 15 முதல் 30 பாகை கோணத்தில் நுழைய வேண்டும். அப்போதுதான் காற்றை உள்ளே இழுக்காமல் சத்தமில்லாமல் பிடிக்கும். புதியவர் நெட்டாகப் பிடிப்பார். இலை இடமும் வலமும் துடிக்கும். அவர் நேற்றுச் செதுக்கிய துடுப்பு என்றால் துடிப்பு கையாலா, செதுக்கலாலா? அவருக்கும் தெரியாது, கரையில் நிற்கும் பயிற்றுநருக்கும் உடனே தெரியாது. நல்லதென்று தெரிந்த துடுப்பில் முதலில் ஓட்டியவருக்கு இந்தக் குழப்பமே கிடையாது.

கோடைப்பனி:
"உடம்பளவு" என்பதை வேதமாக்க வேண்டாம். கிரீன்லாந்தில் துடுப்புக்கு ஆகும் மரம் வளர்வதில்லை. சைபீரிய ஆறுகள் கடலில் தள்ளி, பனிக்கட்டியோடு சுற்றி வந்து கரையேறிய மரம்தான் மூலப்பொருள். கிடைத்த கட்டை என்ன நீளமோ அதுவும் துடுப்பின் நீளத்தைத் தீர்மானித்தது. இலையின் நுனியிலும் விளிம்பிலும் எலும்பு பதித்தார்கள். பனிக்கட்டியில் உரசி மென்மரம் பிளந்துபோகாமல் இருக்க. அருங்காட்சியகத் துடுப்புகளை அடுக்கி வைத்தால் தண்டு இலையைச் சேரும் இடத்தில் படிபோலத் தோள் வெட்டியதும் உண்டு, தோளே இல்லாமல் தண்டு இலைக்குள் கரைவதும் உண்டு.

அளவெடுக்கும் முறையும் ஒன்றல்ல. துடுப்பை நிறுத்தி, கையை மேலே நீட்டி, விரல்கள் நுனியின் மேல் மடங்குகிறதா என்று பார்ப்பதும் பதிவான முறைதான். பாகமும் முழமும் கூட்டுவதும் இதுவும் ஒரே ஆளுக்கு ஒரே எண்ணைத் தருவதில்லை. "மரபு" என்று சொல்லி ஓர் எண்ணை மட்டும் திணிக்கும் பயிற்றுநரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

உளிமுனை:
வேதம் என்று யார் சொன்னது? தொடங்க ஓர் எண் வேண்டும், அவ்வளவுதான். அலைவரி சொல்லும் அகலப் படகுக்கு 4, 5 செ.மீ. கூட்டிக்கொள்ளலாம், உருப்படியான பயிற்றுநர் படகையும் அளந்துவிட்டுத்தான் பென்சிலை எடுப்பார்.

நீரடி:
நீங்கள் மூவரும் இரண்டாம் நாளைப் பற்றிப் பேசவே இல்லை. அங்கேதான் ஆட்கள் அடிபடுகிறார்கள்.

முதல் நாள் முழுக்க இழைப்புளி தள்ளிய தோளோடும் முன்கையோடும் மறுநாள் ரோல் பழக விடுவதே எனக்கு ஒப்பவில்லை. களைத்த ஆள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: தலையை முதலில் தூக்குவார், அதை ஈடுகட்டத் துடுப்பைக் கீழ்நோக்கி அழுத்துவார், முழங்கை உடம்புக்குப் பின்னால் போய்விடும். தோள்மூட்டு நழுவுவது அந்த நிலையில்தான்.

சரியான வரிசை இது. துடுப்பை நீட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் மல்லாந்து மிதக்கும் சமநிலை முதலில். பயிற்றுநர் இடுப்பளவு தண்ணீரில் படகின் பக்கத்தில் நின்று தலையையும் தோளையும் தாங்குவார். அடுத்து அதே நிலையில் துடுப்பை முன்னும் பின்னும் வருடுவது. இலையின் முன்விளிம்பு சற்றே மேலே இருக்க வேண்டும், தாழ்ந்தால் துடுப்பு கீழே பாயும். இந்த இரண்டும் வந்த பிறகே முழு ரோல்: முன்னால் குனிந்து தொடங்கி, துடுப்பைப் பக்கவாட்டில் வீசி, முழங்காலால் படகைத் திருப்பி, பின்தளத்தில் சாய்ந்தபடி தலை கடைசியாக. உட்காரும் இடத்தில் உயரமான முதுகுச்சாய்வு உள்ள படகில் இப்படிச் சாய்ந்தால் இடுப்புதான் வலிக்கும். முதலில் அதைக் கழற்றுங்கள்.

இதில் எதற்கும் சொந்தத் துடுப்பு தேவையில்லை. ஐரோப்பியர்களில் முதலில் ரோல் கற்றவராகச் சொல்லப்படும் ஆஸ்திரியாவின் பவ்லாட்டா 1927இல் பயணிகள் எழுதி வைத்த விவரிப்புகளைப் படித்தே கற்றுக்கொண்டார்.

உளிமுனை:
பவ்லாட்டாவை இழுத்தால் பயிற்றுநரே வேண்டாம் என்றாகிவிடும். அதுவா உங்கள் வாதம்?

நீரடி:
இல்லை. ரோல் வந்துவிட்டால் போதும் என்றும் யாரும் நினைக்கக் கூடாது. கிரீன்லாந்தியரிடம் ரோலும் வேட்டையும் கற்ற ஜினோ வாட்கின்ஸ் 1932 ஆகஸ்டில் கிழக்குக் கிரீன்லாந்தில் தனியாகச் சீல் வேட்டைக்குப் போய்த் திரும்பவில்லை. குளிர்நீருக்கு உரிய உடை, கவிழ்ந்த படகிலிருந்து வெளியேறும் பழக்கம், கூட ஓர் ஆள். இவை மூன்றும் இல்லாமல் வகுப்பே நடத்தக் கூடாது. துடுப்பு அப்புறம்.

கோடைப்பனி:
நீரடியின் பேச்சுக்கு ஒரு வலு சேர்க்கலாம். கிரீன்லாந்துக் கயாக் சங்கமான கான்னத் கத்துஃபியத் 1985இல் தொடங்கியது; அதன் தேசியப் போட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட ரோல் வகைகள் உண்டு. அவற்றில் நோர்சாக் என்ற ஈட்டி எறியும் கட்டையால் எழுவது, வெறுங்கையால் எழுவது, கல்லைப் பிடித்துக்கொண்டு எழுவதெல்லாம் சேர்த்தி. இரண்டு கயிறுகளைக் கட்டித் தொங்கிச் சுழலும் பயிற்சி கரையிலேயே நடக்கிறது. துடுப்பே இல்லாமல் கற்கக் கூடியது இவ்வளவு இருக்கும்போது, செதுக்கி முடித்தால்தான் வாசல் திறக்கும் என்பது பிற்கால வகுப்புகளின் வசதிக்கு வந்த ஏற்பாடு.

புதுத்துடுப்பு:
அண்ணா, அக்கா, நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். 38×89 மி.மீ. செஞ்சிடார் பலகை கையில் இருக்கிறது, வகுப்பு அடுத்த மாதம். இழைப்புளியும் ஸ்போக்‌ஷேவும் ஓட்டத் தெரியும். இந்தப் பலகையை எங்கே கெடுப்பேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

உளிமுனை:
நல்ல கேள்வி. கெடுக்கக் கூடிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பலகை: அகல முகத்தில் மரத்தின் நார்க்கோடுகள் நேராக, இணையாக ஓட வேண்டும். நடு 60 செ.மீ.யில் கோடு ஓரத்தை நோக்கி நழுவி வெளியேறினால் அந்தப் பலகை வேண்டாம். தண்டு அங்கேதான் முறியும். கணு இலையில் சின்னதாக இருந்தால் சமாளிக்கலாம், தண்டில் கூடாது.

நடுக்கோடு: நான்கு பக்கமும் இரண்டு முனையும் போடுங்கள். வெளிவடிவத்தை அறுத்ததும் பக்கக் கோடு போய்விடும். அறுத்த முகத்தில் திரும்பப் போடாமல் அடுத்த வேலைக்குத் தாவுவதுதான் முறுக்கு விழுந்த துடுப்புகளுக்கு முக்கியக் காரணம். ஓர் இலையின் விளிம்பும் மறு இலையின் விளிம்பும் ஒரே தளத்தில் இல்லையென்றால் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் துடிக்கும்.

கனம்: தண்டில் 38, நுனியில் 15 மி.மீ. அளவுக்குக் குறைந்துகொண்டே போகட்டும். பிறகு விளிம்பில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 3 மி.மீ. தள்ளிக் கோடு போட்டு, இலையின் நடுமுதுகிலிருந்து அந்தக் கோடு வரை சரிவு இழையுங்கள். ஓர் இலைக்கு நான்கு சரிவு. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தே இறக்குங்கள். முகத்தை இழைக்கும்போது தண்டிலிருந்து நுனிக்கு, பக்கவாட்டு விளிம்பை இழைக்கும்போது நுனியிலிருந்து தண்டுக்கு. திசை மாறினால் சிடாரில் நார் பிய்ந்து குழி விழும்.

விளிம்பு: முடிவில் 4, 5 மி.மீ., உருட்டி. 3க்குக் கீழே போனால் கல்லில் பட்டதும் பிளக்கும். 7 வைத்தால் நீரில் சளக் சளக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

தண்டு: இழுக்கும் திசையில் பலகையின் முழுக்கனம் 38, குறுக்கே 31 அல்லது 32. மூலைகளை 45 பாகையில் சீவி, பிறகு மழுக்குங்கள். முழு வட்டமாக்கிவிட்டால் இலை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கைக்குத் தெரியாது. தோள் வெட்டும்போது ரம்பம் கோட்டைத் தாண்டி 2 மி.மீ. உள்ளே போனாலும் விரிசல் அந்தக் கீறலில்தான் தொடங்கும். கோட்டுக்கு முன்பே நிறுத்தி அரத்தால் முடியுங்கள்.

அலைவரி:
உளிமுனை இவ்வளவு சொன்னவர், எந்த வெட்டைத் திருப்ப முடியாது என்பதைச் சொல்லவில்லை. என் வாதமே அதுதான்.

நீளத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. தண்டின் பருமனையும் அப்படியே. தண்டின் நீளம் இதற்கு நேர்மாறு: தோளை வெளிப்பக்கம் தள்ளி வெட்டித் தண்டை நீட்டலாம், ஒருபோதும் சுருக்க முடியாது. ஆகவே கணக்கில் வந்ததைவிட 3 செ.மீ. நீளமாக, தண்டை 46இல், பருமனை இரண்டு மி.மீ. கூடுதலாக விட்டு நிறுத்துங்கள். அந்த அரைகுறைத் துடுப்போடு தண்ணீருக்குப் போங்கள். உள்ளங்கையின் ஓரம் தோளில் ஏறி நிற்கிறதா, தண்டுக்குள் நிற்கிறதா என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இலையின் அடியிலும், மற்றவை தண்டிலும் இருந்தால் பிடி சரி. இலை படகின் விளிம்பில் இடித்தால் துடுப்பின் தோளை இரு பக்கமும் ஒரே அளவு தள்ளுங்கள், ஒரு தடவைக்கு ஒரு செ.மீ.

வெட்டிய பிறகு அளவெடுக்கும் தையல்காரரிடம் யாரும் சட்டை கொடுப்பதில்லை. முதல் நாளே எண்ணெய் பூசி, ஆளையும் துடுப்பையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்பும் வகுப்பு அந்த வகைதான்.

உளிமுனை:
46இல் தொடங்கித் தள்ளுவது நல்ல யோசனை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதைச் செய்ய முதலில் செதுக்கியிருக்க வேண்டுமே? நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் சாதகம். சில வாரம் இரவல் துடுப்பில் ஓட்டச் சொல்லும் பயிற்றுநரிடம் இந்தத் திருத்தம் நடக்காது.

அலைவரி:
நடக்கும். 46, 50, 54 என்று தண்டு வேறுபட்ட மூன்று துடுப்பை ஒரே காலையில் மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும், ஒரு செ.மீ. மரம்கூட வீணாகாது. உங்கள் வழியில் ஒரு பலகைக்கு ஒரு தவறுதான் அனுமதி.

நீரடி:
எந்த வழியானாலும் ரோல் வேறொரு நாளில். என் பக்கத்தில் பேரம் இல்லை.

உளிமுனை:
அது சரி, வாரக்கடைசியை மூன்று நாளாக்கச் சொல்லுங்கள். ஒரே ஆட்சேபம்: வெறும் சிடாரை அலைவரி தண்ணீரில் இறக்கச் சொல்வது. நனைந்ததும் நார் எழும்பி உள்ளங்கை உரியும்.

அலைவரி:
எழும்பட்டும். 120 உப்புத்தாள் போட்டபின் வேண்டுமென்றே ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, 220 போடுவது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. இதை இறங்குவதற்கு முன்பே ஒரு தடவை செய்துவிட்டால் அரைமணி நேரத்துக்குக் கை தாங்கும். வார்னிஷ் மட்டும் தண்டில் வேண்டாம். நனைந்தால் வழுக்கும், கொப்புளமும் வரும். தோள் முடிவான பிறகு டங் எண்ணெயோ காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோ மெல்லியதாக மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே நன்றாகக் காயவிட்டு.

கோடைப்பனி:
புதுத்துடுப்பு கவனத்துக்கு: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிறைத்த டின்னில் முக்கி மூடுங்கள்.

புதுத்துடுப்பு:
நன்றி. தண்டு 46, நீளம் 224 என்று குறித்துக்கொண்டேன். படகு 57 செ.மீ. அகலம், அதனால் தோளைத் தள்ள வேண்டியிருக்கும் போல.

அலைவரி:
இருக்கும். 50 வரை யோசிக்காமல் போங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.