முழங்காலில் முழம் எங்கிருந்து வந்தது?

வடலி:
முழங்கை விளங்குகிறது. கை மடிகிற இடத்திலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம், கோயில் வாசலில் பூ விற்கிறவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் அளந்து தருகிறார்கள். ஆனால் காலால் ஒருவரும் முழம் போடுவதில்லையே, பிறகு ஏன் முழங்கால்? இன்னொன்று, முழங்கை என்றால் மடிகிற இடம் மட்டுமா, மணிக்கட்டு வரைக்குமா? எங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

கோண்டாவிலான்:
அளவு முதலில் பிறந்தது, உறுப்புக்குப் பெயர் பிறகு வந்தது என்று வைத்துக்கொண்டால் முழங்கால் இடிக்கத்தான் செய்யும். திருப்பிப் பாருங்கள். கன்னடத்தில் மொணகை, மொணகால். தெலுங்கில் மோசேயி, மோகாலு. அளவுக்கு அங்கே மொள, மூர. எல்லாம் ஒரே வேர்தான், மூன்று மொழியிலும் கைக்கும் காலுக்கும் முன்பகுதி ஒன்றாகவே நிற்கிறது. நம்மிடம் முழந்தாள் வேறு இருக்கிறது, மாதா கோயிலில் முழந்தாளில் நிற்கச் சொல்வார்களே, அது. ஆகவே 'முழ' என்பது முதலில் மடிகிற பொருத்தைக் குறித்து, அங்கிருந்து அளக்கிற நீளத்துக்குப் பிறகு பெயராகியிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். லத்தீனிலும் கியூபிட்டும் என்றால் முழங்கை, அந்த அளவுக்கும் அதே பெயர். சமஸ்கிருதத்தில் அரத்னி, அதற்கும் இரண்டு பொருளும் உண்டு.

உயிரியல் ரீச்சர்:
அரத்னி என்றதும் எனக்கு நம்முடைய பாடப்புத்தகம்தான் ஞாபகம் வருகிறது. முன்கையில் ஆரை, அரந்தி என்று இரண்டு என்புகள் படிப்பிக்கிறோம், அந்த அரந்தி இதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் முழங்கையில் கூராகத் தள்ளிக்கொண்டு நிற்பது அரந்தியின் மேல்முனையேதான். அதன் லத்தீன் பெயர் அல்னா, அதற்கும் முழங்கை என்றே பொருள். ஆங்கிலத்து எல்போவில் உள்ள 'எல்' அதற்கு உறவு, பழைய துணியளவும்கூட, 'போ' வளைவு. இடித்தால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி விறைக்கிறதே, அது என்பு இல்லை பிள்ளைகள், தோலுக்குச் சற்றுக் கீழே ஓடுகிற அரந்தி நரம்பு.

கோண்டாவிலான்:
நன்றி ரீச்சர். வடலி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு: இரண்டு வழக்கும் சரி. அகராதிகளிலும் முழங்கைக்கு இரண்டு பொருளும் இருக்கிறது. பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் மடிகிற இடத்துக்கு முட்டு, மணிக்கட்டு வரை உள்ளதற்கு முன்கை என்று சொல்லுங்கள், குழப்பம் வராது.

வடலி:
முழந்தாளைச் சொன்னதோடு எனக்குத் தெளிந்துவிட்டது, தாளிலும் அதே முழ இருக்கிறதே. அப்புறம் 4 முழ வேட்டி என்கிறோமே, அது யாருடைய கை?

கோண்டாவிலான்:
கைக்குக் கை மாறும் என்பதால்தான் கணக்கு வைத்தார்கள். 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். கடையில் 18 அங்குலம், அதாவது அரை யார் (கெஜம்). 4 முழம் என்றால் 2 யார். மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் அங்கே முட்டுக்கு வேறு சொல் உண்டா என்று எழுதுங்கள்.