லாங்போர்டு: சக்கரம் பலகையில் உரசுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். மகளுக்கு லாங்போர்டு (நீளமான ஸ்கேட்போர்டு) பூட்டினேன். சக்கரம் 70 மி.மீ., போல்ட் ஒன்றேகால் அங்குலம். அவள் நன்றாகச் சாய்ந்தால் முன் சக்கரம் பலகையின் அடியில் உரசுகிறது. கட்டைவிரல் நகம் அளவுக்கு அங்கே கறுப்புத் தழும்பு. நார்த் பீச்சில் சக்கரம் சட்டென்று நின்று அவள் தூக்கியெறியப்படுவாளோ என்று பதறுகிறேன்.

பதில்:
அண்ணா, இதைச் சரிசெய்யும்வரை ஓட்ட விடாதீர்கள். டிரக்குக்கும் (சக்கர அச்சைத் தாங்கும் உலோகப் பகுதி) பலகைக்கும் நடுவே கால் அங்குல ரைசர், அதாவது உயரம் கூட்டும் தகடு, வையுங்கள். போல்ட் ஒன்றரை அங்குலமாக வேண்டும். முறுக்கிய பின் நட்டின் நைலான் வளையத்தைத் தாண்டி இரண்டு மூன்று மரை வெளியே தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் அது பிடிக்கவில்லை என்று பொருள். எட்டு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள்.

இன்னொரு பதில்:
டிரக்கில் இருக்கும் ரப்பர் போன்ற வளையமான புஷிங்கையும் பாருங்கள். மிருதுவாக இருந்தால் ரைசர் வைத்தும் உரசும். கடற்கரை உப்புக்காற்று பேரிங்கைத் தின்றுவிடும், வீடு திரும்பியதும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

கேட்டவர்:
தம்பி சொன்னபடியே ரைசர் வைத்தேன். பலகையில் நானே ஏறி நின்று சாய்த்துப் பார்த்தேன். சக்கரத்துக்கும் தழும்புக்கும் நடுவே விரல் நுழைகிறது. புஷிங் நாளை மாற்றுகிறேன்.